பள்ளிக்கூடம் பார்க்கப் போன ஐந்து பட்டுப் புடவைகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை இரண்டு. ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகிற வழியில் ஐந்து புடவைகளை ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும்.

இரண்டும் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் செய்யக்கூடிய வேலைதான் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் என் பேத்திகளுக்காக. மகள் வளர்மதி ஓசூரில் இருக்கிறாள். மருமகனுக்கு ஒரகடம் பக்கம் வேலை மாறியிருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் போனால் தாம்பரம், இன்னொரு பக்கம் வந்தால் எங்கள் காஞ்சிபுரம். தாம்பரத்தில் சம்பந்தி வீடு. காஞ்சிபுரத்தில் நாங்கள். எங்கே குடிவருவது என்று பேசிப் பேசி, கடைசியில் மருமகன் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எந்த ஊர்ல நல்ல ஸ்கூலோ, அந்த ஊரு."

நியாயமான பேச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி கமலாவும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வளர்மதி போன் செய்தாள்.

"அப்பா, ஓரிக்கை போற வழியில ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்குதாமே. ரெண்டு மணிக்குப் பிரின்சிபாலப் பாக்க சொல்லி வெச்சிருக்கேன். தாத்தா வருவாருன்னு சொல்லிட்டேன். ஆனா நீ கொஞ்சம் முன்னாடியே போயி டீச்சருங்க யாரையாவது புடி. ஆபீஸ்ல கேட்டா எல்லாம் பிரமாதம்னுதான் சொல்லுவாங்க."

"புடிச்சி இன்னா கேக்கறது?"

"ஒரு கிளாஸ்ல எத்தினி பசங்க. டீச்சருங்க நிலையா இருக்காங்களா. அந்த ஸ்மார்ட் போர்டெல்லாம் வேலை செய்யுதா. அவ்ளோதான்பா. நீ இருக்கறத இருக்கறபடி சொல்லுவ, அதான் உன்னை அனுப்பறேன்."

கமலா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "ரொம்ப நல்ல ஸ்கூலும்மா. பஸ்ல போறப்ப நான் பாத்திருக்கேன். கலர் கலரா பெயின்ட் அடிச்சிருக்குது."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வியாபாரம் பேசுகிற ஆள் இல்லை. அதற்கு வாயுள்ளவர்கள் தனியாக இருந்தார்கள். அவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து புடவையை விரிப்பதும், வந்தவர்கள் எழுந்து போனபின் மடித்து அடுக்குவதும் என் வேலை. அத்தனை வருடத்தில் வாடிக்கைக்காரர்களிடம் நான் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்க வேண்டும் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவனைத்தான் விசாரணைக்கு அனுப்பினார்கள்.

கூடவே ஐந்து பட்டுப் புடவைகள். கமலாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற அம்மா ஓரிக்கையில் இருக்கிறார். "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறீங்க" என்று பழைய கடைப் பை ஒன்றில் வைத்துக் கொடுத்தாள். மேலாக முகூர்த்தப் புடவை, அரக்கு நிறம்.

"அஞ்சு இருக்குது. அஞ்சும் போய்ச் சேரணும்."

இதை அவள் என்னிடம் சொல்லத் தேவையே இல்லை.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், குஞ்சம் கட்டுகிற அம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. கோயிலுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். அங்கேயே கொடுத்துவிட்டுப் போகலாம்தான். கல்யாணப் புடவையை அறியாத வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வாசலில் நாலைந்து நாட்டுக் கொடிகளும், சிமென்டில் ஒரு பெரிய உலக உருண்டையும் இருந்தன. உருண்டையின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது.

வாட்ச்மேனிடம் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இன்டர்நேஷனல்னு போட்டிருக்குதே, வெளிநாட்டுப் பசங்க படிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"வராங்களே. சித்தூர்ல இருந்துகூட வராங்க."

தலையாட்டினேன். "டீச்சருங்களப் பாக்கணும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"போன வாரமே வரேன்னு சொன்னீங்களாமே, இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? சாப்பாட்டு டைம்தான், போங்க. பின்னாடி சுத்திக்கினு போங்க. ஆபீஸ் பக்கம் போய்டாதீங்க, மேடம் பாத்தா என் மேலதான் ஏறுவாங்க."

போன வாரம் நான் சொல்லவில்லை. வளர்மதிதான் போன் செய்திருப்பாள், பெண் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கமாகப் போனேன்.

ஆசிரியர்கள் அறையில் ஏழு பேர் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகே நின்று செருமினேன்.

"வந்துட்டாரு" என்றார் ஒருவர்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க. எங்க காணாமப் போய்ட்டீங்க" என்றார் மூக்குக் கண்ணாடி போட்ட இன்னொருவர். அவர் கணக்கு மிஸ் என்பது பிறகு தெரிந்தது. ஒரு பெண் எழுந்து ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அவர் தமிழ் மிஸ். வயதான என்னை உட்காரவைக்கத்தான் இத்தனை பரபரப்பு என்று நினைத்து, இந்தப் பள்ளிக்கூடத்தின் மரியாதைக்கு மனதுக்குள் நல்ல மதிப்பெண் போட்டேன்.

தமிழ் மிஸ் என் கையிலிருந்து பையை வாங்கி மேசைமேல் வைத்தார். ஒருவர் சாம்பார் டப்பாவை நகர்த்தினார். இன்னொருவர் மேசையைத் துடைத்தார். அரக்குப் புடவை வெளியே வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்களுக்குப் புடவை கொண்டுவருகிற வியாபாரி யாரோ ஒருவர், போன வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. அவர் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் ஊரில் வயதானவர் ஒருவர் பையோடு பின்வாசல் வழியாக வந்தால், அவர் பள்ளிக்கூடம் விசாரிக்க வந்திருப்பார் என்று யாருக்கும் தோன்றாது.

"அம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் தமிழ் மிஸ் புடவையைத் தலைகீழாக உதறப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. வாய் "இது விற்கிறதில்லை" என்று சொல்ல முயன்றுகொண்டிருக்கும்போதே, கை போய்ப் புடவையை வாங்கி, ஒரே வீச்சில் முந்தானையை மேசைமேல் விரித்து, கரையை நீவிவிட்டது. எத்தனையோ வருடப் பழக்கம். கைக்கு நான் ஓய்வு பெற்றது தெரியாது.

"அடேயப்பா, அனுபவசாலி" என்றார் கணக்கு மிஸ்.

அதற்குப் பிறகு நான் யாரிடம் என்ன சொல்ல?

சொன்னேன். சொல்லாமல் இல்லை. "இது விக்கறது இல்லம்மா" என்றேன்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"கல்யாணப் பொண்ணுதும்மா."

"அதான் இவ்ளோ லட்சணமா இருக்குது" என்று தமிழ் மிஸ் தோளில் போட்டுப் பார்த்தார்.

மற்ற நான்கும் வெளியே வந்தன. அவர்கள் பிரித்துப் பிரித்துப் போட, நான் பின்னாலேயே மடித்துக்கொண்டு வந்தேன். கை வேலையில் இருந்ததால் தொண்டை அடைப்பு கொஞ்சம் விட்டது. வந்ததுதான் வந்தோம், மகள் சொன்னதைக் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது.

"ஒரு கிளாஸ்ல எத்தினி பசங்கம்மா?"

"எனக்கு அம்பத்தி ரெண்டு" என்றார் கணக்கு மிஸ், மயில் கழுத்து நிறத்தைப் புரட்டிக்கொண்டே.

"விளம்பரத்துல இருபதுன்னு போட்டிருக்குதே."

"அது போட்டோ எடுக்கறதுக்குண்ணா. மீதிப் பசங்கள கிரவுண்டுக்கு அனுப்பிடுவோம்."

"நீங்க இங்க வந்து ரொம்ப வருஷம் ஆயிருக்கும், இல்ல?"

அறை முழுக்கச் சிரித்தது.

"வருஷமா? தீபாவளி கழிச்சி வந்தேன்ணா. இந்த ரூம்ல நான்தான் சீனியர்."

"நீச்சல் குளம் இருக்குதாமே?"

"இருக்குதே. அது மேல பலகை போட்டு மேடை ஆக்கிட்டாங்க. காலைல பிரேயர் அது மேலதான்."

"ஸ்மார்ட் போர்டு?"

"ஒவ்வொரு ரூம்லயும் இருக்குது. சுவிட்சு மேல டேப்பு ஒட்டியிருக்கும். பெரிய மனுஷங்க யாருனா வந்தா பிரிப்பாங்க. இன்னிக்குக்கூட அட்மிஷனுக்கு யாரோ ஒரு தாத்தா வராராம். காலைலயே ஒரு ரூம்ல பிரிச்சிட்டாங்க."

அந்தத் தாத்தா வெங்காய நிறப் புடவையை மடித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு கேள்வி. இது மகள் சொன்னதில்லை. என் யோசனை.

"உங்க பசங்க எல்லாம் இங்கதான் படிக்கிறாங்களா?"

அதுவரை கலகலவென்று இருந்த அறையில் டப்பா மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம்பொண்ணு சின்ன காஞ்சிபுரத்துல ஒரு எய்டடு ஸ்கூல்ல படிக்குது" என்றார் கணக்கு மிஸ், குரலை இறக்கி. "உங்களுக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? மயில் கழுத்து எவ்ளோ, அதச் சொல்லுங்க."

மணி அடித்தது. ஏழு பேரும் ஒரே நிமிடத்தில் மறைந்தார்கள்.

மடித்ததைப் பையில் வைத்தேன். எண்ணினேன். நான்கு.

இன்னொரு தடவை எண்ணினேன். நான்கில் மாற்றமில்லை. அரக்கு இல்லை. அது தமிழ் மிஸ் தோளிலேயே வகுப்புக்குப் போய்விட்டது.

வேர்க்க விறுவிறுக்க வராந்தாவில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு ஜன்னலில் அகப்பட்டது. உள்ளே பெஞ்சுக்கு ஐந்து பேர் என்று பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, தமிழ் மிஸ் முகூர்த்தப் புடவையைப் போர்த்திக்கொண்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்மார்ட் போர்டு டேப்போடு இருந்தது. நான் ஜன்னல் கம்பி வழியாகக் கையை ஆட்டினேன்.

"மிஸ், புடவைக்காரர் வந்துக்கிறாரு" என்றது முதல் பெஞ்சு.

"யார் நீங்க?" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

பிரின்சிபால் மேடம். கையில் வாக்கிடாக்கி.

"ஸ்கூல் டைம்ல உள்ள வந்து வியாபாரமா? யார் உங்கள விட்டது? ஆபீசுக்கு வாங்க."

போனேன். நிற்க வைத்தே பேசினார். பாதுகாப்பு என்றார், ஒழுக்கம் என்றார், போலீஸ் என்றும் ஒரு தடவை சொன்னார். நான் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தொண்டை அடைத்துவிட்டது.

நடுவில் அவர் மணியைப் பார்த்து, வாக்கிடாக்கியில், "ரெண்டு ஆச்சு, அந்தத் தாத்தா வந்தாரா? வந்தா நேரா ஸ்மார்ட் ரூமுக்குக் கூட்டிக்கினு போங்க. மத்த ரூம் பக்கம் விட்டுடாதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வளர்மதி. என் போனில் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச்சு வரும். அதை எப்படி நிறுத்துவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

"அப்பா, பிரின்சிபாலப் பாத்தியா?"

"எதிர்லதாம்மா இருக்காங்க."

"அவங்க சொல்றத நம்பாதப்பா. டீச்சருங்களக் கேட்டியா, இல்லியா?"

போனை வேட்டி மடிப்புக்குள் வைத்து அமுக்கினேன். "அப்பா, அப்பா" என்று மடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் எத்தனையோ நிறம் வந்து போனது. கடைசியில் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சார், உட்காருங்க சார். காபி சாப்பிடறீங்களா?"

பிறகு எனக்கு எல்லாம் விளக்கினார். ஒரு வகுப்புக்கு இருபது பேர். எல்லா ஆசிரியர்களும் பல வருட அனுபவம் உள்ளவர்கள். நீச்சல் குளம், 'இந்த சீசனில்' மூடியிருக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுத்துப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால், இது எப்படித் தெரியும் என்று கேட்பார். கணக்கு மிஸ்ஸின் வேலை போகும்.

ஆனால் அரக்குப் புடவை இல்லாமல் நான் வீடு போனால் என் கதி என்ன? "ஏழாம் வகுப்பு மட்டும் ஒரு தரம் பாக்கலாங்களா" என்று கேட்டேன்.

மேடத்துக்கு மறுக்க வழியில்லை. கதவைத் திறந்ததும் பெஞ்சுக்கு ஐந்து தலைகள்.

"ரெண்டு செக்‌ஷன் சேந்து ஒரு ஆக்டிவிட்டி சார்" என்றார் மேடம், கொஞ்சமும் தயங்காமல்.

அப்புறம்தான் தமிழ் மிஸ்ஸின் தோளைப் பார்த்தார். "மிஸ், அது என்ன?"

தமிழ் மிஸ்ஸின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். "அதான் மேடம் ஆக்டிவிட்டி. இன்னிக்குப் பாடம் நம்ம ஊர் பட்டு."

"பாத்தீங்களா சார்" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "புத்தகம் மட்டும் இல்ல, எல்லாத்தையும் தொட்டுப் பாத்துக் கத்துப்பாங்க. நீங்ககூட இந்தத் தொழில்ல இருந்தவராட்டம் இருக்குதே, பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

ஐம்பத்திரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் நான் எதற்குப் பயந்து ஒதுங்கி நின்றேனோ, அது மொத்தமாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

"வணக்கம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தாத்தா, இது எவ்ளோ?" என்றது ஒரு பெண்.

"விக்கறது இல்லம்மா."

வகுப்பு சிரித்தது. நான் தமிழ் மிஸ்ஸிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு புடவையைக் கொடுத்தார். "புடவைய எப்படி மடிக்கிறதுன்னு காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி, கரையோடு கரை சேர்த்து, நீவி, மடித்தேன். கடைசி மடிப்பை அப்படியே பைக்குள் மடித்தேன்.

ஐந்து.

எல்லாரும் கை தட்டினார்கள். மேடம் போட்டோ எடுத்துக்கொண்டார். அது இப்போது அவர்கள் விளம்பரத்தில் வந்திருப்பதாகக் கேள்வி. கீழே 'கௌரவ விருந்தினர்' என்று போட்டிருக்கிறதாம்.

குஞ்சம் கட்டுகிற அம்மா வரும்வரை காத்திருக்கத் தெம்பில்லாமல் பையோடு வீட்டுக்கு வந்ததும், கமலா முதலில் புடவையை எண்ணினாள். பிறகுதான் பள்ளிக்கூடத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"இதெல்லாம் வளரு கிட்ட சொல்லப் போறீங்களா?"

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்."

"வெள்ளையடிச்ச ரூம்ல நீங்களும் நானும் கண்ணாமூச்சி ஆடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரவு சாப்பாடு அவ்வளவு ருசியாக இல்லை. எனக்கும் ஆசை இல்லாமலா? இருபது என்று சொல்லிவிட்டால் பேத்திகள் இங்கே. ஐம்பத்திரண்டு என்று சொன்னால் தாம்பரத்தில். பையில் நான்கை வைத்துக்கொண்டு ஐந்து என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வராது. மகளுக்கு போன் செய்து இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் மருமகன் "அப்ப தாம்பரம்" என்றது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

மறுநாள், கணக்கு மிஸ்ஸின் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போனேன். வாசலிலேயே தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"இன்னாங்கய்யா?"

"பேத்திங்களுக்கு இடம்..."

"கிளாஸுக்கு நாப்பது பேரு. கம்ப்யூட்டர் கொஞ்சந்தான், அதுல பாதி ஓடாது. டாய்லெட்டு ஒண்ணு ரிப்பேரு, சொல்லியிருக்கேன். மத்தபடி பாடம் நடக்கும். உள்ள போயிப் பாத்துக்கங்க, நான் பஸ்ஸு புள்ளைங்கள இறக்கணும்."

நான் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதையும் மகளுக்குச் சொன்னேன். ரிப்பேரையும் சேர்த்து.

இதற்கிடையில் மருமகன் சும்மா இருக்கவில்லை. தாம்பரத்துப் பள்ளிகளைப் பார்க்கத் தன் அப்பாவை அனுப்பியிருந்தார். சம்பந்தி என்னைப் போல இல்லை. எந்த ஆபீசுக்குள்ளும் நேராகப் போய் உட்காருவார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை ஒன்று போதும். ஆறு பள்ளிக்கூடம் பார்த்தார். ஆறும் அருமையாம். எங்கும் வகுப்புக்கு இருபது பேராம். ஆசிரியர்கள் எல்லாம் ஆரம்பத்தில் இருந்தே இருக்கிறார்களாம். ஒரு குறை இல்லையாம்.

மருமகன் குதித்துக்கொண்டு வளர்மதியிடம் சொல்லியிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு டாய்லெட்டுகூட ரிப்பேர் இல்லியா?" என்று கேட்டாளாம்.

"இல்லியே."

"அப்ப ஒண்ணுமே தெரியல அந்த ஊரைப் பத்தி. காஞ்சிபுரத்துல எது உடைஞ்சிருக்குதுன்னாவது தெரியுது. அங்கயே போவோம்."

ஜூன் மாதம் வருகிறார்கள். மாடி அறை தயாராக இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் விசாரிக்க, ரிட்டையர் ஆன போலீஸ்காரரை மட்டும் அனுப்பக் கூடாது.